குப்பையைக் கொட்டியது நான்தான்

போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு படிவம் வந்தது. பொதுச்சேவையில் ஈடுபாடுள்ள இளைஞர்களுக்குச் சமூகத் தலைமை விருது கொடுக்கிறார்களாம். யாரோ என் பெயரை முன்மொழிந்திருந்தார்கள். வயது, படிப்பு, செய்த சேவை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் ‘சேவைக்கு முன் எடுத்த படம்’, மற்றதில் ‘சேவைக்குப் பின் எடுத்த படம்’. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முதல் கட்டத்தில் ‘இல்லை, எடுக்கவும் மாட்டோம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். விருது வராது, வராவிட்டால் போகட்டும். அந்தக் கட்டத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் பழைய பகை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் போகிறது. அன்றைக்கு அதை வாய்க்கால் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். தண்ணீரைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. ஐப்பசி பிறந்தால் அந்தத் தண்ணீரும் வந்துவிடும், வாய்க்காலுக்கு அல்ல, எங்கள் வீட்டுக்கு. அம்மா அரிசி டப்பாவைப் பரண்மேல் ஏற்றுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்குள் மிதக்கும் செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். இருபத்து மூன்று வயது. ஒரு மெடிக்கல் கடையில் பில் போடும் வேலை. முந்தின வருஷ மழையில் அவள் கல்லூரிச் சான்றிதழ்கள் நனைந்து போயின. அவற்றை ஒவ்வொன்றாகக் கொடியில் காயப்போட்டவள், தை பிறந்ததும் ஒரு மண்வெட்டி வாங்கி வந்தாள். கூடப் படித்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் வாய்க்காலில் இறங்கினாள். ஞாயிறு காலையில் கடையில் வேலைமுறை வந்தால் சாயங்காலம் இறங்குவாள். ஆவணி முடிவதற்குள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அடிமண் தெரிந்தது. எடுத்த குப்பையெல்லாம் தெருக்கோடிக் காலிமனையில் மேடாகக் குவிந்து கிடந்தது. லாரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். லாரிதான் வரவில்லை.

அப்பாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. மில் மூடியபிறகு அவர் ஒரு துணிக்கடையில் காவல் வேலை பார்த்தார். வேலை போனாலும் வீறாப்புப் போகவில்லை. “பொம்பளப் புள்ள சாக்கடையில எறங்கறது இன்னா வேல? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?” என்பார். “சாக்கடையில எறங்கத் தெரிஞ்சவனா ஒருத்தன் வரட்டும்ணா” என்பாள் அத்தை. அதற்குமேல் அம்மா குழம்புச் சட்டியை நடுவில் வைத்துப் பேச்சை முடித்துவைப்பாள்.

மெடிக்கலுக்கு வாடிக்கையாக வரும் ஒருவர்தான் விருதைப் பற்றிச் சொன்னார். கடற்கரைப் பக்கம் பெரிய மனிதர்கள் நடத்தும் ஒரு மன்றம் வருஷா வருஷம் கொடுப்பதாம். அத்தை விண்ணப்பம் போட்டாள். அதைக் கேட்ட அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

“ஊரே மதிச்சி விருது குடுத்தா நான் இனிமே ஒரு வார்த்த பேசமாட்டேன். குடுக்கலன்னா மம்முட்டிய மூலையில வெச்சிட்டு நான் காட்டற மாப்பிள்ளையப் பாக்கணும். சம்மதமா?”

“பாக்கலாம்” என்றாள் அத்தை. எதைப் பார்க்கலாம் என்று அவளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மன்றத்திலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். முன்படம் எங்கே என்று கேட்டார்கள் போலிருக்கிறது. “வேல செய்யறப்ப ரெண்டு கையிலயும் மம்முட்டி சார், எந்தக் கையால படம் எடுக்கறது? வாய்க்கா இங்கதான் இருக்குது. வந்து பாருங்க, தெருவுல கேளுங்க” என்றாள் அத்தை. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, “அப்ப உங்க இஷ்டம் சார்” என்று வைத்துவிட்டாள்.

இந்தச் செய்தியை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். அவர் ஜெயித்துவிட்டார், மகிழ்ந்துபோவார், எனக்கு ஏதாவது வாங்கித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். “படம் ஒண்ணுதான் கொறையாமா?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அத்தைக்குக் காலைமுறை. அவள் கிளம்பி முனை திரும்பியதும் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலிமனைக்குப் போனார். தெருவே பின்னால் போனது. ஒரு மணிநேரத்துக்குக் குப்பையை வாய்க்காலில் போடுவது, படம் எடுப்பது, திரும்ப எடுத்துவிடுவது, இதுதான் திட்டம். “பொய்யில்லியா இது?” என்று அம்மா கேட்டாள். “இன்னா பொய்? அதே வாய்க்கா, அதே குப்ப. தேதிதான் வேற” என்றார் அப்பா. இதில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியவே தெரியவில்லை. வீட்டிலிருந்து நீல வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏழு நடை போனேன், ஏழு வாளி. என் வயதில் வேறு யாரும் நாலைத் தாண்டவில்லை.

படம் எடுத்தவர் முனைவீட்டு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய நல்ல கேமரா அவரிடம் இருந்தது. வாய்க்கால் கரையில் ஒரு காலை மடக்கி நின்று பார்த்துவிட்டு, “பத்தல. படத்துல வெறும் தூசி மாதிரி தெரியும். இன்னும் போடுங்க” என்றார்.

போட்டோம்.

“பெருசா ஒண்ணு வேணும்” என்றார். மேட்டின் அடியில் கிடந்த பழைய மெத்தை ஒன்றை நாலு பேர் தூக்கிவந்து நடுவில் போட்டார்கள். “முசியே, இப்ப?” என்றார் அப்பா, பிரெஞ்சு மரியாதையோடு. சொல்தாவுக்குத் திருப்தி. ஏதோ அணிவகுப்புக்குச் சொல்வதுபோல் “அத்தான்சியோன்!” என்று குரல் கொடுத்துவிட்டுப் படம் எடுத்தார். கேமராவில் தேதியை எட்டு மாதம் பின்னால் தள்ளிவைக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு எல்லோரும் டீ குடித்தோம். கொட்டுவதற்கு அரை மணிதான் ஆனது, ஆனால் எடுப்பதற்கு எட்டு மாதம் ஆயிற்று என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. கால்வாசி எடுப்பதற்குள் வானம் கறுத்தது. பிடித்த மழை விடவில்லை. மெத்தை மிதந்துபோய்ச் சின்னப் பாலத்தின் கண்ணில் அடைத்துக்கொண்டது. மதியத்துக்குள் பதினோரு வீட்டில் தண்ணீர். அம்மா அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றினாள்.

அத்தை வேலை முடிந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தாள். வாய்க்காலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“மேட்டுக் குப்பையெல்லாம் மழ அடிச்சிட்டு வந்திடுச்சி” என்றார் அப்பா.

“மெத்தயக் கூடவா?”

“மழன்னா சும்மாவா?”

அத்தை துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். அப்பாவும் இறங்கினார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அந்த மெத்தையை இழுத்ததை நான் கரையிலிருந்து பார்த்தேன். அது வெளியே வந்ததும் தண்ணீர் சளசளவென்று ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மற்ற குப்பையை எடுக்க அவளுக்கும் அந்த நாலு பேருக்கும் மூன்று ஞாயிறு ஆனது. உண்மையைச் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் வயிறு வெடிக்கக் காப்பாற்றினேன்.

சொல்தா அந்தப் படத்தைக் கழுவி, அத்தைக்குத் தெரியாமல் தானே நேரில் கொண்டுபோய் மன்றத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒரு நாள் தபாலில் கடிதம் வந்தது. அத்தை தேர்வாகியிருந்தாள். அவள் அப்படித் துள்ளி நான் பார்த்ததே இல்லை. “படம் இல்லாமயே குடுத்துட்டாங்க, பாத்தியாண்ணா! நான் சொன்னத நம்பிட்டாங்க!” என்று கடிதத்தை அப்பா முகத்துக்கு நேரே ஆட்டினாள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “சரி, நீ ஜெயிச்சிட்ட. இனிமே நான் ஒரு வார்த்த பேசல” என்றார். பேசாதே என்று அவர் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

விழா மண்டபத்தில் குளிர் அதிகமாக இருந்தது. நாங்கள் மூன்றாம் வரிசை. அப்பா புதுச்சட்டை, நான் தீபாவளிப் பாவாடை. அத்தை மேடை ஏறினாள், சால்வை போட்டார்கள், கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். பின்னால் இருந்த பெரிய திரையில் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்கள் வந்தன. கூட்டம் கை தட்டியது.

அத்தை திரும்பி அந்தத் திரையைப் பார்த்தாள். பளிச்சென்ற வெயில். வாய்க்கால் நிறையக் குப்பை, நடுவே மெத்தை. ஓரத்தில் ஒரு நீல வாளி, அதைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி நான்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். நன்றி சொல்வதற்காக நீட்டிய மைக்கை வாங்கினாள்.

“சார், அந்தப் படம் முன்ன எடுத்தது இல்ல. வாய்க்காவ சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் எடுத்தது.”

மன்றத்துக்காரர் ஒருவர் சிரித்தமுகத்தோடு மைக்குக்குக் கை நீட்டினார். “இருங்க சார், முடிச்சிடறேன்” என்று அவள் ஒரு அடி தள்ளி நின்றாள்.

“நீங்க முன்படம் கேட்டீங்க. அது இல்ல. அதுக்காவ, எடுத்த குப்பய மறுபடியும் வாய்க்கால்ல கொட்டி எடுத்ததுதான் இது. அன்னைக்கே மழ. பதினோரு வூட்டுல தண்ணி. குப்பையக் கொட்டுனது நான்தான். எங்க தெருவுல வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். வந்து பாருங்கன்னு உண்மையச் சொன்னப்ப முடியாதுன்னீங்க. பொய் ஒண்ணு கைக்கு வந்ததும் சால்வ போடறீங்க. இது இன்னா நியாயம் சார்? இந்தாங்க கேடயம். வாய்க்கா எங்களுது, அது எங்ககிட்டயே இருக்கட்டும்.”

சால்வையை மடித்துக் கேடயத்தின்மேல் வைத்து, மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். யாரும் கை தட்டவில்லை. எனக்கோ ரத்தம் கொதித்தது. அவள் மானத்தை விட்டதற்காக அல்ல. பொய் சொன்னதற்காக! அவள் எங்கே கொட்டினாள்? மெடிக்கலில் பில் போட்டுக்கொண்டிருந்தாளே! எழுந்து நின்று, “அத்த பொய் சொல்...” என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் வாயை மூடியது. இன்னொரு கையால் என்னை இழுத்து உட்காரவைத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை, எதிரில் இருந்த அப்பாவைப் பார்த்தே சொன்னாள்.

“விருது இல்லண்ணா. ஆனா ஞாயித்துக்கெழம நான் வாய்க்காலுக்குப் போறேன். மாப்பிள்ளையும் பாக்கல, மம்முட்டியும் மூலைக்குப் போவாது. ஆனத நீ பாத்துக்க.”

அப்பா சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் விடவில்லை. “நீ ஏன் பொய் சொன்ன? கொட்டுனது நாங்கதான? அப்பாதான சொன்னாரு?”

“வாய மூடிக்கிட்டு சாப்புடு” என்றாள் அத்தை. அம்மா எழுந்து உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கண்விழித்தபோது மண்வெட்டி மூலையிலும் இல்லை, வாசலிலும் இல்லை. வாய்க்காலுக்குள் அப்பா நின்றிருந்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணிக்கடைச் சட்டையைக்கூடக் கழற்றாமல். அவள் கரைக்கு வந்தாள். பிறகு அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அப்பா என்னைப் பார்த்து, “இன்னா நிக்கற? போயி அந்த நீல வாளிய எடுத்துனு வா” என்றார்.

விருதுதான் இல்லையே, அப்புறம் எதற்கு இவர் இறங்கினார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அத்தையோடு நான் அப்போது ‘டூ’. ஏழு வாளி குப்பையைச் சுமந்து கை காய்த்துப்போனவள் நான்; மேடையேறி, அத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் தானே கொட்டியதாகச் சொல்லிப் பெயரைத் தட்டிக்கொண்டு போனவள் அவள். இவ்வளவு பெரிய அநியாயத்தை அப்பாவாவது தட்டிக் கேட்டிருக்க வேண்டாமா என்று பொருமிக்கொண்டேதான் வாளியோடு வாய்க்காலில் இறங்கினேன்.