என் முதுகுக்குத் தாள் இல்லை

மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி. மூன்றாவது மாடியில் மயங்கிக் கிடந்த தையல்காரப் பெண்ணை இறக்கும்போதுதான் என் இடுப்பில் முதன்முதலாக வலி வெட்டியது. லிப்ட் இருந்தது. அதில் அட்டைப்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. "ஷிப்மென்ட் போகுதுங்க, படியில போயிருங்க" என்றார்கள். நானும் ஓட்டுநர் பழனிசாமியண்ணனும் படியில் இறக்கினோம்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். நான் தனியார் ஆம்புலன்சில் துணையாள். வழக்கப்படி அவருடைய நோயாளித் தாளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் எழ முடியவில்லை. இடது பாதம் மரத்திருந்தது. டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் மருத்துவர். ஊசி, மாத்திரை, ஆறு மாதம் பிசியோதெரபி (உடற்பயிற்சிச் சிகிச்சை).

ஒன்பதாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பி ஊர் ஊராக வேலை பார்த்தவன் நான். மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று ஒன்று கைக்கு வந்தது இந்த வேலையில்தான். சிகிச்சையின் மூன்றாம் மாதம் அது செல்லாது என்றார்கள். ஆம்புலன்ஸ் மேலாளரிடம் போனேன்.

"டூட்டிக்கு வராதவங்களுக்கு கார்டு ஓடாதுங்க."

"டூட்டியிலதானுங்க அடிபட்டேன்."

நோயாளித் தாளை எடுத்து நீட்டினார். "இதுல உங்க முதுகு எங்கீங்க இருக்குது? உங்க கையெழுத்துதான் இருக்குது."

இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வலி சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே உங்கள் பெயருக்கும் ஒரு தாள் எழுதிவிடுங்கள்.

பழனிசாமியண்ணன் சாட்சிக் கடிதம் கொடுத்தார். உங்கள் வேலை போய்விடுமே என்றேன்.

"போனாப் போகுதப்பா. எந்த வண்டியிலயும் ஸ்டீயரிங் வட்டமாத்தான் இருக்குது."

அட்டையை மாதாமாதம் நீட்டித்துத் தர ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு மாதமும் மேலாளரின் மேசைமுன் நின்று குனிந்து காட்ட வேண்டும். அவர் டீ குடித்தபடி பார்ப்பார். "இன்னுங் கொஞ்சம் குனிங்க." விரல் முழங்காலைத் தாண்டாவிட்டால் முத்திரை விழும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் காறித் துப்புவேன்.

"வலி முதல்ல போயிரும், நரம்பு தேறத்தான் நாளாகும்" என்றார் மருத்துவர். "நடுவுல நிறுத்துனீங்கன்னா பாதம் இப்படியே நின்னுருங்க."

சென்ற வாரம் ஒரு காலையில் வலியில்லாமல் விழித்தேன். எழுந்து குனிந்தேன். விரல்கள் கணுக்காலைத் தொட்டன. இடது பாதம் மட்டும் இன்னும் மரத்தே இருந்தது. மேலாளரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுபடி பாயில் படுத்து, வலி வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன்.