பாதி ஓநாயோடு ஒரு பொங்கல்

லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டு விடியற்காலைகள் பாதிக் கனவாகவே இருக்கும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பின்வளவு முழுக்க மூடுபனி நிற்கும். அதற்குள் சாம்பல் நிற உடம்பு ஒன்று சத்தமே இல்லாமல் வேலியோரமாக நடந்து மறையும், திரும்பவும் தோன்றும். தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நிற்பேன். கோப்பை ஆறிப்போகும். இது என் வீட்டு வளவுதானா, நான் இன்னும் படுக்கையில்தான் கிடக்கிறேனா என்றுகூடத் தோன்றும்.

அப்படி ஒன்றை வளர்க்க வேண்டும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பிள்ளைகள் இரண்டும் கலியாணம் முடித்துப் போன பிறகு வீட்டின் அமைதி தாங்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு நாய்க் காப்பகத்தில் சாப்பாட்டுக் கிண்ணங்கள் கழுவிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். கடைசிக் கூட்டில் இருந்தது அது. சில தலைமுறைக்கு முன்னால் ஓநாயோடு கலந்த வம்சம். யாரோ அழகுக்காக வாங்கி, மாடிக் குடியிருப்பில் அடைத்து வைத்து, அது சோபாவைக் கிழித்துத் தின்றதும் கைகழுவி விட்டிருந்தார்கள். என்னை ஏற்றிப்போக வந்த கணவர் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, இது நாயோ நரியோ என்று கேட்டார். அது எழுந்து வந்து கம்பிக்கு அப்பால் நின்று அவரை வெகுநேரம் பார்த்தது. பிறகு அவருடைய காலடிப் பக்கமாகவே சுருண்டு படுத்துவிட்டது. மாதக்கணக்காகக் கிண்ணம் கழுவியது நான். என்னை அது ஒருநாளும் அப்படி மதித்ததில்லை.

காப்பகத்துப் பெண் லேசில் தந்துவிடவில்லை. வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தார். வேலியை உயர்த்தி அதன் தலையை உள்பக்கமாக வளைக்கச் சொன்னார். தோண்டும் என்பதால் மண்ணுக்குள்ளும் கம்பிவலை. தனியே விடக்கூடாது, வெளியே போனால் கயிற்றை அவிழ்க்கக்கூடாது, தெருக் கதவைத் திறக்கும்போது அது உள் அறைக்குள் இருக்க வேண்டும். ஒருவேளை தப்பினால் துரத்தவே கூடாது என்றும் சொன்னார். துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்குமாம். அதைக் கண்டு பயந்து யாராவது பொலிசைக் கூப்பிட்டால் பிறகு நடப்பது தன் கையில் இல்லை என்றார். கணவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் சீவியம் அதன் சீவியம்தான். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் படாத வீட்டில், அதன் பச்சை இறைச்சிக்காக ஷெட்டுக்குள் தனி ஃபிரிட்ஜ் வந்தது. தெருவில் அம்புலன்ஸ் போனால் அதுவும் தலையை நிமிர்த்தி ஊளையிடும். பக்கத்து வீடுகளுக்கு முறுக்கும் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். ஆரேனும் ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்பதால் கலியாணங்களுக்குச் சேர்ந்து போக முடியாமல் போனது. தாலி கட்டுக்கு அவர் போவார், வரவேற்புக்கு நான் போவேன். எங்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று சொந்தக்காரர் கதை கட்டிவிட்டார்கள். கேட்டு நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். கனகாலத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தது.

பிறகு அந்தத் தைப்பொங்கல் வந்தது.

எங்கள் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது. அதனால் கார் நிறுத்தும் இடத்தில் கல் வைத்துப் பொங்கினோம். நல்ல நாளில் வாசல் கதவைச் சாத்தி வைப்பது எங்களுக்குச் சரிவராது, திறந்தே கிடந்தது. நாயை உள் அறையில் பூட்டவும் அவருக்கு மனம் வரவில்லை. பொங்கல் நாளில் வீட்டு ஆளை அடைத்து வைப்பதா என்று சொல்லி மாடிப்படிக் கம்பியில் கட்டிவிட்டார். பட்டு வேட்டி, அதற்குமேல் தடித்த குளிர்ச்சட்டை. பனிக்குள்ளிருந்து சூரியன் மங்கலாக எழும்ப, பால் பொங்கி வழிந்தது. ஊர் வழக்கப்படி, எடுத்து வைத்திருந்த சீனவெடிக் கட்டை அவர் கொளுத்திப் போட்டார்.

சண்டைக்கால வெடிச்சத்தத்துக்கு ஊரை விட்டு ஓடி வந்த ஆட்கள் நாங்கள். இருந்தும் பொங்கல் வெடி என்றால் எங்களுக்கு அது வேறு சத்தம், சந்தோசச் சத்தம். எல்லாக் காதுக்கும் அப்படியில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. கயிறு அறுந்ததை நான் காணவில்லை. சாம்பல் நிறமாக ஏதோ என் சேலையை உரசிக்கொண்டு போனது. தெரு பழையபடி வெறுமையாக இருந்தது.

நான் அழுதேன். ரயில் பாதை பக்கத்தில், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பொலிஸ் முந்திவிட்டால் அதைத் திரும்பக் காண மாட்டோம் என்று மனம் அடித்துக்கொண்டது. காரை எடுத்துத் தூரத்துப் பூங்கா வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"தூரம் போயிராது," என்றார். "வெடிச்சத்தம் கேட்டால் முதலிலை பதுங்கத்தான் இடம் தேடும். பள்ளமாய், இருட்டாய் ஒரு இடம்."

தெருவை விட்டுவிட்டு, வீடுகளுக்குப் பின்னால் கவுன்சில் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் காய்கறித் தோட்டங்களுக்குள் இறங்கினார். ஓடவில்லை, கூப்பிடவில்லை. பனிக்குள் அவருடைய வேட்டி மட்டும் எனக்கு முன்னால் மிதந்துகொண்டு போனது. உறைந்த முட்டைக்கோவாப் பாத்திகளுக்கு நடுவே, எங்கள் காலடியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு பள்ளமாக, ஒவ்வொரு மரப்பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கல்லுகளுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்த ஒரு பழைய ஷெட்டின் அடியில், இருட்டுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. அதன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் கயிற்றை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பட்டு வேட்டியோடு ஈர மண்ணில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து அதற்குப் பக்கத்தில் போய்க் கிடந்தார். தொடக்கூட இல்லை. தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். கனநேரத்துக்குப் பிறகு அவருடைய குரல் வந்தது. எங்களுடைய கலியாணத்துக்குப் பிறகு ஒருநாளும் நான் கேட்டிராத, சின்னப்பிள்ளையின் குரல்.

"ஒண்டுமில்லை ராசா. ஷெல்லடி நிண்டிட்டுது. இனி அடிக்க மாட்டாங்கள். அம்மா கூப்பிடுவா, அப்ப போவம்."

சின்ன வயதில் ஊரில் ஷெல் விழும்போது பங்கர்க் குழிக்குள் பதுங்கிக் கிடந்த காலத்தைப் பற்றி அவர் எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அம்மா கூப்பிடுவார் என்று அவர் அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார், அம்மா கூப்பிட்டாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அந்தக் குளிரில் முழங்காலில் இருந்து, என்னால் முடிந்தளவு மெல்லிய குரலில், இரண்டு பேரையும் வெளியே வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.