துறையடியும் துணைவேந்தரும்

இன்று துறைமுகத்தடியில் நனைந்த கயிறும் டீசலும் மணத்தபோது, பாலம் கட்டியபின் இல்லாமற்போன எங்கள் துறையடி நினைவுக்கு வந்தது. ஆட்களையும் லொறிகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் பாதை என்போம்; அது சங்கிலி இரைய அங்கேதான் வந்து முட்டும். மீன்பெட்டிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே, புதுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், பிள்ளைகள் உட்காருவதற்கான கதிரைகளைப் பிடித்தபடி நிற்பார். பல்கலைக்கழகம் அப்போது ஒரு பழைய நெற்களஞ்சியம்தான். கதிரைகளையும் அவரே சேர்த்தார், பிள்ளைகளையும் அவரே வீடு வீடாகப் போய்க் கேட்டார். "சேர், உங்கட கம்பஸ் நனையுது!" என்று பாதைக்காரர் பகிடி பண்ணினால் அவரும் சிரிப்பார்.

அக்கா ஏ.எல். பாஸ் பண்ணியிருந்தாள். "கம்பஸ் பெரியவர் வீட்டுக்கு வந்து கேட்டால் படிக்க விடுறன்" என்றார் அப்பா.

அவர் வந்தார். அப்பா கடலில், அக்கா கிணற்றடியில். வேலிப் படலையில் நின்று, "வீட்டுக்காரர்!" என்று மூன்று தரம் கூப்பிட்டார். நான் கூச்சத்தில் கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றேன். குரல் கொடுக்காத வீட்டுக்குள் எங்கள் பக்கத்தில் யாரும் நுழைவதில்லை. வீட்டாருக்கு விருப்பமில்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவார்கள். அவரும் திரும்பிப் போனார்.

ஈரக் கையோடு ஓடிவந்த அக்கா, "ஆரடா வந்தது?" என்றாள்.

"ஒருத்தரும் வரேல்லை."

பல பின்னேரங்கள் அக்கா படலையைப் பார்த்திருந்தாள். பிறகு தையல் மெசினுக்குக் குனிந்தவள்தான்.

போன கிழமை அவர் காலமான செய்தி பேப்பரில் வந்தது. அக்கா அதைக் கடைசிவரை வாசித்தாள்.

"எல்லா வீட்டுக்கும் போனவராம். எங்கட வீட்டுக்கு மட்டும் வரேல்லை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.