கில்டோரா மடத்துச் சாவிக்காரர்

அன்றைக்கு மடத்து இரும்புக் கேட் பூட்டாமல் கிடந்தது. வடக்குச் சுவரோரம் ஒரு சின்னக் குழியும் யாரோ வெட்டி வைத்திருந்தார்கள். டெலியாவும் அவள் கணவர் கொல்மனும் யார் வேலை என்று கேட்கவில்லை. ஞானஸ்நானம் பெறும் முன்னே கண் மூடின அவர்கள் பிள்ளைக்குப் பங்குக் கோவில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார். அயர்லாந்தில் அப்போது அதுதான் முறை. கொல்மன் பிள்ளையை ஒரு ஆப்பிள் பெட்டியில் வைத்துக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்திருந்தார். மறு வாரம் அந்த இடத்தில், கடற்கரையிலிருந்து எடுத்து வந்த வெள்ளைக் கல் ஒன்று இருந்தது.

மடத்துச் சாவி இருந்தது பக்கத்து வீட்டு பார்ட்லி ஹெஷனிடம். நெட்டையான ஆள், கல்யாணம் ஆகாதவர். நாலு மாடும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் பிழைப்பு. பார்க்க வருகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, இடிந்த மடத்தின் கதையும் சொல்வார். எழுநூறு வருஷத்துக்கு முன்னே துறவிகள் வந்து கட்டியது, இங்கிலாந்துச் சிப்பாய்கள் தீ வைத்தது, கூரை போன பிறகும் ஊரார் இறந்தவர்களை அங்கேயே கொண்டுவந்து புதைத்தது. யாரும் திரும்பக் கூரை போடவில்லையா என்று ஒரு சுற்றுலாக்காரி கேட்டாளாம்.

"ஓடு வரும்னு சொல்லியிருக்காங்கம்மா. முந்நூறு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றாராம்.

வெள்ளைக் கல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும், ஆடு இடறாமலிருக்க வைத்தது என்று பேச்சை முடித்துவிடுவார்.

இருபத்தேழு வருஷம், ஞாயிறு பூசை முடிந்ததும் டெலியா அந்தக் கல்லருகே ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் வீடு போவாள்.

பிறகு பார்ட்லிக்குப் பக்கவாதம் வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில், மடத்து வடக்குச் சுவர் சாய்கிறது என்று வேலையாட்கள் வந்து இறங்கினார்கள். டெலியா மேற்பார்வைக்காரர் முன்னால் போய் நின்றாள். இத்தனை வருஷம் மூடின வாய். பிள்ளை என்ற சொல் வெளியே வரவில்லை. அந்தச் சுவரோரம் பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் மரியாதையாகத்தான் ஏட்டைப் புரட்டினார்.

"அந்தப் பக்கம் யாரையும் புதைச்சதா பதிவு இல்லீங்கம்மா. கவலைப்படாம போங்க."

அடுத்த ஞாயிறு சுவர் நெடுக ஜல்லி பரப்பியிருந்தது. வெள்ளைக் கல் மற்றக் கற்களோடு லாரி ஏறிவிட்டது. எங்கே மண்டியிடுவது என்று தெரியாமல் அவள் ஜெபமாலையோடு நின்றாள். மாதாவே, நீயாவது பார்த்து வைத்திருப்பாய் என்று சொல்லிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

பார்ட்லியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். கல் போனதைச் சொன்னாள். குழி வெட்டினது நீங்கள்தானே அண்ணே என்றும் முதல் தடவையாகக் கேட்டாள். அதற்கு அவர் விழுந்துவிட்ட வலது காலைப் போர்வையோடு தடவிக்கொண்டே இருந்தார். அவரை அவள் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அவள் எழுந்து கோட்டை மாட்டும்போது, குழறின நாக்கால் சொன்னார்.

"கேட்டுலருந்து சுவரோரமா பத்தொம்பது காலடி, தங்கச்சி. கல்லு வைக்கிறதுக்கு முன்னால எண்ணி வச்சேன். ஆனா அது என் காலுக்கு. உன் காலுக்கு எத்தனைன்னு எனக்குச் சொல்லத் தெரியலயே."