குலதெய்வத்தை மறந்த குற்றம்

போன செவ்வாய்க்கிழமை வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆறிய பிறகு எழுதுங்கள் என்கிறாள் மனைவி. மன்னிக்கவும்... இந்த வாரம் ஆறுவதாக இல்லை.

மல்லிகாவை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் மூளையைப் பற்றி எழுதியபோது பச்சையாக ஒளிரும் செல்களின் படம் போட்டேனே, அதைக் கொடுத்த பெண். வெள்ளிமலைப் பக்கம், பழங்குடிக் குடும்பம். பெங்களூரில் அல்சைமர் ஆராய்ச்சி செய்கிறாள்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனிலிருந்து சில முரட்டு மூலக்கூறுகள் பிறக்கும். அளவு மீறினால் மூளைச் செல்லைத் துரு மாதிரி அரித்துவிடும். செல்லுக்குள் ஒரு சாயத்தை விட்டு நீல ஒளி பாய்ச்சினால், அவை பெருகிய இடம் பச்சையாக ஒளிரும். இருட்டறையில் உட்கார்ந்து மல்லிகா அதைப் படம் பிடிக்கிறாள்.

ஏன் அல்சைமர்? அவளுடைய அப்பா சடையனுக்கு அந்த நோய்.

டிவியைப் போட்டால், டெல்லியில் டாக்டருக்குப் படிப்பவர்கள் இடஒதுக்கீடு வேண்டாமென்று ரோடு பெருக்கிப் போராட்டம் நடத்துகிறார்கள். இந்த நேரம் பார்த்து, மல்லிகாவின் சாதிச் சான்றிதழ் உண்மைதானா என்று விசாரணை. உண்மை என்று எழுதி வந்தால்தான் ஃபெல்லோஷிப், அதாவது ஆராய்ச்சிக்கான உதவித்தொகை. அப்பாவை நேரில் அழைத்து வரச் சொல்லிக் கடிதம். மலையிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்தாள். துணைக்கு நான். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன்.

"உங்க குலதெய்வம் எது?" என்றார் அதிகாரி.

சடையன் சிரித்தார்.

"உங்க ஜனத்துல கல்யாணத்துக்கு இன்னா செய்வீங்க?"

"சாப்ட்டாச்சுங்க."

மல்லிகா டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினாள். "அப்பாவுக்கு மறதி நோய் சார். என்னைக் கேளுங்க, சொல்றேன்."

"நீ படிச்சிட்டு வந்து ஒப்பிப்ப. இன்னா வேலை பாக்குற?"

"மறதி நோய் ஆராய்ச்சிங்க."

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா சார்? இந்தச் சீட்டு எங்க கிடைக்கும்னு இவளுக்குத் தெரியாதா?"

என்ன திமிர்! படிக்காவிட்டால், இதுகளுக்கு எங்கே படிப்பு ஏறப்போகிறது என்பார்கள். படித்தால்... அந்தப் படிப்பே மோசடிக்குச் சாட்சியா?

'தந்தைக்குத் தன் இனத்தின் வழக்கங்கள் தெரியவில்லை' — வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஃபைலில் எழுதினார். "மூணு மாசம் கழிச்சிக் கூட்டினு வா. எல்லாத்தையும் ஞாபகப்படுத்தி வை."

"திரும்பாதுங்க சார். செத்த செல்லு மறுபடி வராது. தினமும் மைக்ராஸ்கோப்புல அதைத்தான் பாத்துக்கினு இருக்கேன். மூணு மாசத்துல இன்னும் கம்மியாயிடும். ஃபெல்லோஷிப்புக்கு இந்த மாசம்தாங்க கடைசி."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

நான் கத்திவிட்டேன். தப்புதான். "பத்திரிகைக்காரரைக் கூட்டினு வந்து மிரட்டுறியா?" என்று அதற்கும் மல்லிகா மேலேயே பாய்ந்தார். ஃபைலை மூடிவிட்டார். துணைக்குப் போன லட்சணம் இது!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மல்லிகா டீயை ஆற்றி அப்பாவிடம் கொடுத்தாள். குடித்து முடித்து, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கவனிச்சிக்கிறியேம்மா... யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"உன் வூட்டுப் பொண்ணுதாம்பா."

"அப்படியா?" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார் சடையன்.

சான்றிதழ் கேட்கவில்லை.