பத்து வருஷத்தின் வீட்டுச் சுவர்

எந்தப் பெயின்டரிடம் போய் "பத்து வருஷம் எங்கே?" என்று கேட்டாலும், எந்தத் தெருவில் எந்தச் சாரத்தின் மேல் நிற்கிறார் என்று விரல் நீட்டிக் காட்டிவிடுவார். சுவருக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசிக் கோட்டிங்கும் அடித்து முடித்தபிறகு வீட்டின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "தடவிப் பாருங்க" என்பார். அவர் தடவுவார். "இனி பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று இவர் சொல்வார். இருபத்திரண்டு வருஷமாக அதே வசனம். 'பத்து வருஷம்' என்பது கேலிக்காக வைத்த பெயர்தான். ஆனால் சொன்னபடி சுவர்கள் நின்றுவிட்டதால், கேலி செய்தவர்களே பிறகு மரியாதையோடு அந்தப் பெயரால் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டி காய்ந்தபிறகு, பெயின்ட் அடிப்பதற்கு முன், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் அன்றைய தேதியையும் நிறத்தையும் எழுதிவைப்பார். அடுத்த பத்தாவது நிமிஷம் அதன் மேலேயே பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்.

"யார் படிக்கிறதுக்கு எழுதுறீங்க? சுவத்துக்குள்ள தபால் பெட்டியா இருக்கு?" என்று மனைவி கேட்டிருக்கிறாள்.

"எழுதலைன்னா வேலை முடிஞ்ச மாதிரியே இல்ல" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை.

இப்பேர்ப்பட்டவர் குடியிருந்த வீட்டின் சுவர் ஆறு வருஷமாக அழுகிக்கொண்டிருந்தது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. உள்ளறைக்கு நேர் மேலே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் அடியில் விரிசல். தண்ணீர் கசிந்து உள்ளறைச் சுவர் வழியாக மெதுவாக இறங்கும். மழைக்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். சுவர் உப்பி, உப்புப் பூத்து, அதன் மேல் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். மகளின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது, வேறு இடமில்லை. வருஷா வருஷம் அவர் வேலை செய்த இடங்களில் மிஞ்சிய பெயின்டைக் கொண்டுவந்து, உப்பிய இடத்தை மேலாகச் சுரண்டி, பட்டி பார்த்து, அடித்து நிமிர்ந்துவிடுவார். அடுத்த மழையில் சுவர் மறுபடியும் தன் வேலையைக் காட்டும்.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இல்லை. மழையில் சொன்னால், "மழை நிக்கட்டும் பெயின்டரே" என்பார். மழை நின்றபின் சொன்னால், "அதான் காஞ்சிடுச்சே" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் பிடித்துச் சொன்னதற்கு, "நீங்களே பெயின்டர். உங்களுக்குத் தெரியாததா?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த மனிதருக்கு வேறு மூன்று கட்டடங்கள் இருந்தன. அவற்றின் பெயின்ட் வேலை இவருக்குத்தான் வரும். அதனால் இவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆறாவது வருஷம் வாயை மூட முடியவில்லை. பதினொரு வயது மகளுக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு மாதத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகையை இழுக்க வைத்தார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள், பாவம். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் ஆஜர் இல்லை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மருந்து நான் குடுத்துக்கிட்டே இருப்பேன். அந்தச் சுவர் பக்கத்துல படுக்கிற வரைக்கும் இது நிக்காது" என்றார்.

வேறு வீடு தேடினார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தேடினார்கள். கையில் இருப்பதற்குக் கிடைத்ததில் ஒன்றுக்கு ஜன்னலே இல்லை. இன்னொன்று பள்ளிக்கும் மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கும் இரண்டு பஸ் தூரம். மூன்றாவது வீட்டில் இதைவிட மோசமான ஓதம். அங்கே சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் இறங்கி வந்துவிட்டார்.

கீழ்வீட்டில் குடியிருந்த டைப்பிங் அக்கா கோர்ட்டு வாசலில் மேஜை போட்டு மனு அடித்துக்கொடுப்பவர். எந்த வக்கீலையும் பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திருத்துகிற வாய். ஒருநாள் மாடிக்கு வந்து சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வீட்டுக்காரருக்கு எழுதிக் குடுத்தீங்களா தம்பி?"

"வாயால சொன்னேன்க்கா. பல தடவை."

"வாயால சொன்னது காத்தோட போச்சு. ஆறு வருஷமா ஒரு வரிகூடவா எழுதல?"

"அவர் எழுதுறதெல்லாம் சுவத்துக்குள்ளதான்க்கா" என்றாள் மனைவி.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தெளிவாகச் சொன்னார். முதலில் கடிதம். என்ன கெட்டிருக்கிறது, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி, நகல் வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் நகராட்சியில் புகார். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து வீட்டுக்காரருக்கு உத்தரவு போடுவார். அதற்கும் மசியாவிட்டால் வாடகைக் கோர்ட்டு.

"நாமளே ஆள் வச்சுத் தொட்டியைச் சரி பண்ணிட்டு வாடகையில கழிச்சுக்கிட்டா?" என்று மனைவி கேட்டாள்.

"கோர்ட்டுல கேட்டு, அவங்க சரின்னா கழிக்கலாம். நீங்களா கைவச்சா, என் கட்டடத்தை உடைச்சுட்டாங்கன்னு அவர் கிளம்புவார். இன்னொன்னு, கோபத்துல வாடகையை மட்டும் நிறுத்திடாதீங்க. நியாயம் பூரா உங்க பக்கம் இருந்தாலும், அந்த ஒரு காரணம் போதும் உங்களை வெளியே அனுப்ப."

கடிதம் போயிற்று. நாலாம் நாள், 'வாங்க மறுத்துவிட்டார்' என்ற குறிப்போடு திரும்பியும் வந்தது. பத்து வருஷத்தின் முகம் தொங்கிவிட்டது. அக்காவுக்கோ ஏக சந்தோஷம். "பிரிச்சிடாதீங்க! வாங்க மறுத்தா வாங்கின மாதிரிதான். அப்படியே பத்திரமா வையுங்க."

பிறகு நகராட்சிப் புகார். அது போன மறுநாள் வீட்டுக்காரர் போனில் வந்தார்.

"எனக்கே புகாரா பெயின்டரே? அடுத்த மாசம் ரெண்டு கட்டடம் உங்களுக்குன்னு வச்சிருந்தேன். வேற ஆளைப் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு, கையில் இருக்கும் பணம் எத்தனை நாளுக்கு வரும் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். பயம்தான், வேறென்ன?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. "சுவத்தைத் தொடாதீங்க. இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று அக்கா மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் இவர் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை வேலை இல்லை. மனைவி கடைக்கும் மகள் பள்ளிக்கும் போய்விட்டார்கள். வீட்டில் அவரும் சுவரும்தான். டீ குடித்தார். சுவரைப் பார்த்தார். நாளைக்கு ஒரு வெளியாள் வந்து நிற்கப்போகிறார். பெயின்டர் வீடு என்று சொல்லி உள்ளே கூட்டிவந்து இதையா காட்டுவது? பூஞ்சணத்தை மட்டும் துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தார். துடைத்தால் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. உப்பிய இடத்தை மட்டும் லேசாகச் சுரண்டினார். சுரண்டினால் பள்ளம். பள்ளத்தை அப்படியே விடுகிற கையா அது? சீக்கிரம் இறுகுகிற பட்டியைக் குழைத்தார். பக்கத்தில் பழைய மேஜை விசிறியை ஓடவிட்டார். பார்க்கவேண்டியது தொட்டியைத்தானே, சுவர் நம்ம விஷயம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். மத்தியானம் மூன்று மணிக்குத் தேதியை எழுதி, அதன் மேல் வெண்ணெய் நிறத்தில் கடைசிக் கோட்டிங்கும் அடித்துவிட்டார். கண்ணாடி மாதிரி இருந்தது சுவர்.

ஐந்தரை மணிக்கு மனைவி வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வெளியாள் வர்றாங்களேன்னு..."

"வெளியாள் பாக்க வர்றதே அதைத்தானே!" என்றவள் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அழுதாளா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

புதுப் பெயின்ட் வாடையில், காலையில் எழும்போதே மகளுக்கு இழுக்க ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். கையில் அட்டை, அதில் செருகிய பாரம். பின்னாலேயே வெள்ளைச் சட்டையில் வீட்டுக்காரர். மொட்டைமாடிச் சாவி எங்கோ தொலைந்துபோய்விட்டதாம்.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "லேசா ஜில்லுன்னு இருக்கு. அவ்வளவுதான்" என்றார். மனைவி போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினாள்.

"அது எந்த வீட்டுச் சுவரோ, யார் கண்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் கண்ணால பாக்கிறதைத்தான் எழுத முடியும்" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை. பேனாவைத் திறந்தார்.

வீட்டுக்காரருக்கு அத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. "இவர் பேரே பத்து வருஷம், மேடம். இவர் கை பட்ட சுவர் பத்து வருஷம் நிக்கும்னு இவரே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியிறார். அப்படிப்பட்டவர் வீட்டுல சுவர் கெடுமா? நீங்களே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் பெயின்டரைத் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் மகள் இருமினாள். நீளமான இருமல். நடுவில் மூச்சை இழுக்கிற சத்தம், சின்ன விசில் மாதிரி.

பத்து வருஷம் கட்டிலை மகளோடு சேர்த்து அறையின் நடுவுக்கு இழுத்தார். மூலையில் இருந்த பையிலிருந்து பட்டி பிளேடை எடுத்தார். "ஒரு நிமிஷம், மேடம்."

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பிளேடைச் செருகி நெம்பினார். நேற்றுப் பூசியது ஒரு முழ அகலத்துக்கு அப்படியே கழன்று விழுந்தது. உள்ளே சுவர் நனைந்த ரொட்டி மாதிரி இருந்தது. கழன்று விழுந்த துண்டின் ஓரத்தில், பெயின்ட் உரிந்த இடத்தில் பென்சில் எழுத்து.

"பாத்தீங்களா, நேத்துத் தேதி!" என்று துள்ளினார் வீட்டுக்காரர். "நேத்துப் பூசிட்டு இன்னைக்கு நாடகம்!"

"ஆமா, நேத்துத்தான் பூசினேன். வெக்கமா இருந்துச்சு, பூசினேன்" என்றார் பத்து வருஷம். கை நிற்கவில்லை. அடுத்த அடுக்குக்குள் பிளேடு போனது. மஞ்சள். அதன் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. அடியில் தேதி.

"இது போன வருஷம். பேங்க் வேலையில மிஞ்சின மஞ்சள்." பிளேடு மறுபடி இறங்கியது. "இது அதுக்கு முந்தின வருஷம், கண் ஆஸ்பத்திரிப் பச்சை. இது ஸ்கூல் வராந்தா நீலம். இது துணிக்கடை ரோஸ். இது லாட்ஜ் சாம்பல்." ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் வெள்ளையாக உப்பு, கறுப்பாகப் பூஞ்சணம், மூலையில் பென்சில் தேதி. ஆறாவது அடுக்கும் விழுந்தபோது வெறும் காரையும், அதில் வழிந்த நீரும் தெரிந்தன.

அவருக்கு மூச்சு வாங்கியது.

"என் வேலை நிக்கல, மேடம். ஆறு தடவையும் நிக்கல. பத்து வருஷம்னு ஊரெல்லாம் சொன்னேன், என் பொண்ணு படுக்கிற சுவத்துல பத்து மாசம்கூட நிக்கல. இதை யார்கிட்டயும் சொல்லாம, மேல மேல பூசிக்கிட்டே இருந்தேன்." சமையலறை வாசலில் நின்ற மனைவி வந்து அவர் கையிலிருந்த பிளேடை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாம் நேத்தே எழுதி வச்சிருப்பார்" என்றார் வீட்டுக்காரர். சுருதி இறங்கிவிட்டது.

"ஆறு கோட்டிங்குக்கு உள்ள கையை விட்டு எப்படி சார் எழுதுவார்?" என்ற இன்ஸ்பெக்டர், குனிந்து ஒவ்வொரு தேதியையும் போட்டோ எடுத்தார். பிரிக்காத பதிவுத் தபாலையும் வாங்கிப் பார்த்தார். "மாடிச் சாவியைத் தேடுங்க. நான் இங்கயே இருக்கேன்."

சாவி வீட்டுக்காரரின் சட்டைப் பையிலேயே கிடைத்தது.

தொட்டியைச் சரிசெய்யச் சொல்லி முப்பது நாள் கெடுவோடு உத்தரவு வந்தது. தவறினால் நகராட்சியே செய்துவிட்டு வீட்டுக்காரரிடம் வசூலிக்கும் என்று கடைசி வரியில் இருந்தது. அதைப் பார்த்ததும் ரோஷம் வந்து, இருபத்தொன்பதாம் நாள் கொத்தனாரை அனுப்பினார். தொட்டியின் அடியைக் கொத்தி, புதிதாகத் தளம் போட்டார்கள். அவருடைய கட்டடங்களின் வேலை அதன்பிறகு வரவே இல்லை. அந்த வருஷம் கையைக் கடிக்கத்தான் செய்தது. விஷயம் சக பெயின்டர்களுக்கும் எட்டி, "என்ன, பத்து மாசம், சௌக்கியமா?" என்று சாரத்தின் மேலிருந்து ஒருவன் கத்தினான். இப்போதெல்லாம் சுவரைத் தடவச் சொல்லிவிட்டு, "மேல தண்ணி ஒழுகாம பாத்துக்கிட்டா பத்து வருஷம்" என்று சொல்கிறார். வசனம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

உள்ளறைச் சுவரை மட்டும் அவர் பூசவில்லை. காரை தெரிய அப்படியே விட்டிருந்தார். "விருந்தாளி வந்தா என்ன நினைப்பாங்க?" என்று மனைவி வேண்டுமென்றே சீண்டினாள். "மழை வரட்டும்" என்றார்.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. தினமும் விடிந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நான்காம் நாள் காலையில் போனபோது, தலையணைகளில் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பி, நீட்டிப் படுத்து, வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். விசில் இல்லை.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், வெறும் காரையின் மேல் அன்றைய தேதியை எழுதினார். நிறம் எழுதும் இடத்தில் 'ஈரம் இல்லை' என்று எழுதினார். அதன் மேல் எதுவும் பூசவில்லை.