காலி மைக்கில் கேட்ட குழல்

எங்கள் வீட்டில் பல்லி கத்தினால் எல்லோரும் பலன் சொல்வார்கள், நான் பல்லி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஸ்பீக்கர் இரைந்தால் கோளாறு ஒயரில் இருக்கும், இல்லை பிளக்கில் இருக்கும், இல்லை அடுத்த வீட்டு மிக்ஸியில் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் எங்காவது அகப்பட்டுவிடும். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள்.

காளவாசலில் அண்ணன் மைக்செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் எடுப்போம். படிப்பு முடிந்ததும் நானும் அதிலேயே இறங்கிவிட்டேன். எண்பதுகளின் நடுவில் ஒரு கல்லூரித் திடலில், பல நாட்டு இசையைச் சேர்த்து வாசிக்கும் கச்சேரி ஒன்றுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பிரான்சிலிருந்து எலேன் என்ற பெண் வந்திருந்தார், கிளாரினெட் வாசிப்பவர். அவரோடு வாசிக்க நம் ஊர்க்காரர்கள் இருவர். ஒருவர் டவுன் காதர் பாய். அவர் வாத்தியம் தாயிரா; வட்ட மரச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டியிருக்கும், ஒரு கையில் பிடித்து மறு கையால் அடிப்பது. இன்னொருவர் மேலூர் சேவுகன், புல்லாங்குழல். இருவரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து வாசிக்கிறவர்கள், ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கடைசி உருப்படி சேவுகன் தானே கட்டிய மெட்டு. அவருக்கு மேடையில் கிடைத்திருந்ததே அது ஒன்றுதான். அதில் ஒரு சிக்கல், அந்த மெட்டுக்கு முடிவே கிடையாது. இவர்கள் வாசிப்பதெல்லாம் கல்யாண வீட்டிலும் தர்கா கந்தூரியிலும்தானே, யாராவது கையைக் காட்டினால் நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். மேடையில் யார் கை காட்டுவது? கச்சேரிக்கு முதல் நாள் ஒத்திகையில் மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்றார்கள். பொறுப்பில் இருந்த பேராசிரியர் பொறுமையானவர்தான், ஆனாலும், "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுக்கு ஒரு முடிவு வரலைன்னா எடுத்துருவோம் சேவுகன்" என்று சொல்லிவிட்டார். சேவுகன் குழலைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் மத்தியானம் தாண்டியும் அவர் வரவில்லை. மழை இருட்டிக்கொண்டு நின்றது. ஈரக் காற்றில் தாயிராவின் தோல் தொய்ந்துபோக, காதர் பாய் அதை என் ஆம்ப்ளிஃபயரின் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், அதுல தோசை ஊத்திராதீங்க" என்றார் அண்ணன்.

"நீ மாவக் கொண்டா, ஊத்திருவோம்."

சிரித்தாரே தவிர, கண் வாசல் பக்கமே இருந்தது. மைக் சோதனைக்கு உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னார், "அவன் எடத்துலயும் மைக்க வையி தங்கச்சி. அவன் இல்லாட்டியும் அவனுக்கு எடம் விட்டுத்தான் அடிப்பேன். கை அப்படிப் பழகிப்போச்சு."

வைத்தேன். அவர் கண்ணை மூடி அடிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் அடிப்பார், குழலுக்கு இடம் விடுவார், மறுபடி அடிப்பார். விட்ட இடம் காலியாகக் கிடக்கும், கேட்கவே என்னவோ போல் இருந்தது. மூன்றாவதோ நான்காவதோ தடவை அந்தக் காலி இடத்தில் குழல் வந்தது. ஸ்பீக்கரில், நல்ல தெளிவாக, அதே மெட்டு.

"வந்துட்டியா மாப்ள" என்றார் பாய், கண்ணைத் திறக்காமலேயே.

மைக்குக்கு முன்னால் யாரும் இல்லை.

"ஒயரு ரேடியோவ இழுக்குதுடி" என்று அண்ணன் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து கத்தினார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது, நடக்கக்கூடியதுதான். ஆனால் பாய் இடம் விடும்வரை ரேடியோ காத்திருக்குமா? மிக்ஸரில் அந்த மைக்கின் ஒலி அளவைக் காட்டும் முள் ஆடிக்கொண்டிருந்தது. ஒலியைக் குறைத்தேன், குழல் குறைந்தது. கூட்டினேன், கூடியது. மேடைக்கு ஏறிப்போய் மைக்கை உள்ளங்கையால் மூடினேன். ரேடியோ என்றால் மூடினாலும் அப்படியேதான் கேட்க வேண்டும். குழல் மங்கியது. கையை எடுத்தேன், தெளிந்தது.

அதற்கு மேல் பார்ப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அப்படியே நின்றேன். பயம் என்று சொல்ல முடியாது, சத்தியமாக, அவ்வளவு இதமான வாசிப்பு அது. காதர் பாய் கண்ணைத் திறந்து பார்த்தார், உதடு முணுமுணுத்தது, கை மட்டும் நிற்கவில்லை. எலேன் கிளாரினெட்டை எடுத்து மெதுவாகக் கூடவே வாசித்தார். முதல் நாள் நின்ற இடத்தைத் தாண்டி மெட்டு போனது, சுற்றிச் சுற்றி இறங்கி, ஓர் இடத்தில் தானாக உட்கார்ந்தது. மூன்றும் சேர்ந்தே நின்றன.

பொழுது சாயும்போது சேவுகன் நனைந்து வந்து சேர்ந்தார். "ஒத்தக்கடைக்கு முன்னாடி கல்லு லாரி குறுக்க நின்னுபோச்சு. அம்புட்டு பஸ்ஸும் வரிசையா நிக்கிது. ஒண்ணும் ஓடல, பாலத்துல உக்காந்து நம்ம மெட்டத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன்."

பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "அதான் இங்க கேட்டுச்சு மாப்ள, முழுசும் கேட்டுச்சு."

"எங்க முழுசு? தூத்தல் விழுகவும் பாதியில நிறுத்திட்டுக் குழலைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டேன்."

"அப்ப மீதி?" என்றார் அண்ணன்.

எலேனுக்குப் பேச்சு புரிந்ததோ என்னவோ, கிளாரினெட்டை எடுத்து அந்தப் பின்பாதியை வாசித்துக் காட்டினார். சேவுகன் ஈரச் சட்டையோடு நின்று கேட்டார். "இத யாரு முடிச்சது?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு, "இன்னொருக்கா வாசிக்கச் சொல்லும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து பாடம் பண்ண ஆரம்பித்தார்.

கச்சேரி நன்றாக நடந்தது. கடைசி உருப்படி மூவருக்கும் ஒரே இடத்தில் நிற்க, பேராசிரியரே எழுந்து கை தட்டினார். முடிந்து எல்லோரும் பரோட்டா சாப்பிட்டோம், சேவுகன் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். இன்றைக்கும் அந்த மெட்டை அவர் அப்படித்தான் முடிக்கிறார். பல மேடைகளில் நானே அவருக்கு மைக் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் அவரிடம் இதுவரை சொல்லவில்லை. குழல் வாசிப்பவர் மூச்சு இழுப்பது மைக்கில் கேட்கும், அதை அடக்குவதே எங்களுக்கு ஒரு வேலை. அந்தப் பின்பாதியில் சேவுகனுக்கு இரண்டு இடத்தில் மூச்சு தீர்ந்துபோகும், நிறுத்தி இழுத்துக்கொண்டுதான் மேலே போவார். எலேனுக்கும் அதே இரண்டு இடத்தில்தான் தீர்ந்தது. அன்று காலி மைக்கில் கேட்டதில், முன்பாதியில் மூச்சு இழுக்கும் சத்தம் ஒழுங்காகக் கேட்டது. பின்பாதியில், முடிகிற வரைக்கும், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.